குழாய்க்குள் நான் வைத்த சல்லடை

டயகமவில் ஒரு லயத்தின் — தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் — கூரைமேல் உட்கார்ந்து தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. செல்வராஜ்.

அவன் மிஸ் கோல் கொடுக்கிற ஆள். நாம்தான் திருப்பி எடுக்க வேண்டும். அன்று மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"கூரையில."

"இறங்கிருங்க. தூசி மெஷின் இழுக்க மாட்டேங்குது. ஒரு வாரமாவே சரியில்ல. நேத்து புஷ்பம் அக்காவுக்கு மூச்சு முட்டிருச்சு. டிக்கோயா ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க."

"இப்ப எப்படி இருக்கு?"

"மருந்துப் புகை குடுத்தாங்க. பேசுறாங்க. பயமில்லன்னுதான் சொல்றாங்க. ஆனா முதலாளி வேற மாதிரி பேசுறாருண்ணே. அவங்களுக்கு நெஞ்சு வீக்காம்... இனி வேலைக்கு எடுக்க ஏலாதாம்."

நான் இறங்கினேன். சுத்தியலைக்கூட இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. பஸ் அகரப்பத்தனை தாண்டும்போதுதான் கவனித்தேன் — பக்கத்து சீட்டுக்காரர் என் இடுப்பையே பார்த்துக்கொண்டு தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்.

பத்திரிகையில் என்னுடைய இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தேயிலை ஸ்டோர், பேக்கரி, லொறி, கட்டட வேலை என்று சுற்றி, கடந்த மூன்று வருடமாக ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் பாதையில் ஒரு மரப் பட்டறையில் இருக்கிறேன். 'இருக்கிறேன்' என்பதுகூடச் சரியில்லை. இரண்டு மாதம் இருப்பேன், கால் அரிக்கும், பத்து நாள் எங்காவது போவேன், வருவேன். முதலாளி ரிஸ்வான் பாய் திட்டிக்கொண்டே சேர்த்துக்கொள்வார்.

பட்டறை இருப்பது மூடிப்போன ஒரு தேயிலை ஸ்டோரின் கீழ்த்தட்டில். வெளியூர்க்காரர்களே, ஸ்டோர் என்றால் எங்கள் பேச்சில் தேயிலைத் தொழிற்சாலை. அங்கே இப்போது கதவு, ஜன்னல், பள்ளிக்கூட மேசை. செல்வராஜ் பலகை இழைக்கிற மெஷினில் நிற்பான். புஷ்பம், மேசைப் பலகைகளை மெஷினால் தேய்த்து வழவழப்பாக்குவார். நான் மற்ற எல்லா வேலையும்.

புஷ்பம் முன்பு தேயிலைக் கொழுந்து எடுத்தவர். மழை நாளில் மலையில் வழுக்கி முழங்கால் திரும்பிவிட்டது. இனி மேடு ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேடு ஏறாமல் எங்கள் பக்கத்தில் என்ன வேலை இருக்கிறது? சொல்லுங்கள். அவருடைய லயத்திலிருந்து பத்து நிமிடம் சமதரையில் நடந்தால் வருகிற ஒரே வேலை, எங்கள் பட்டறைதான்.

சின்ன வயதிலிருந்தே அவருக்கு வீசிங் உண்டு. சேரும்போதே முதலாளியிடம் அதை மறைக்காமல் சொன்னார். "தூசி மெஷின் ஈக்கிதுதானே, பயப்படாம வா" என்று முதலாளி அவருடைய மேசையைக் குழாய் வாயை ஒட்டிப் போட்டுக் கொடுத்தார். இரண்டு வருடம் ஒரு தும்மல்கூட இல்லை.

அந்த மெஷின் எப்படி என்றால் — மூலையில் காற்றை இழுக்கிற பெரிய புளோவர். அதன் தலையில் ஆள் உயரத்துக்கு ஒரு துணிப் பை. புளோவரிலிருந்து தடித்த தகரக் குழாய் ஒன்று கூரையோரமாக ஓடி, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கிளை இறக்கும். மரத்தூளும் சீவலும் குழாய் வழியே இழுபட்டுப் பைக்குள் போய் விழும். வீட்டில் தரை கூட்ட ஒரு மெஷின் வைத்திருப்பார்களே, அதற்குப் பெரியப்பா.

பெரியப்பா இழுக்காவிட்டால் அந்தத் தூள் எங்கே போகும்? புஷ்பத்தின் நெஞ்சுக்குள்.

பஸ் லிந்துலைப் பக்கம் வளைந்து வளைந்து இறங்கியது. நான் மனசுக்குள் மெஷினைக் கழற்ற ஆரம்பித்தேன். பை நிரம்பியிருக்கலாம். பையின் துணி ஈரத்தில் இறுகியிருக்கலாம். ஒவ்வொரு கிளைக் குழாயிலும் ஒரு தகடு உண்டு — தள்ளினால் மூடும், இழுத்தால் திறக்கும். தேவையில்லாத தகடு எல்லாம் திறந்து கிடந்தால் இழுவை பிரிந்துபோகும். வளைகிற ரப்பர் குழாய் எங்காவது கிழிந்திருக்கலாம். ஒரு துண்டுக் கட்டை குறுக்கே சிக்கியிருக்கலாம்.

எவ்வளவு காரணம் இருக்கிறது பாருங்கள்! எண்ண எண்ண நிம்மதியாக இருந்தது.

அடுத்த வளைவில் அது ஞாபகம் வந்தது.

சல்லடை.

மூன்று வாரத்துக்கு முன்பு பட்டறையில் ஒரு தொல்லை. ஆணி, கந்தல் துணி, கட்டைத் துண்டு எல்லாம் இழுபட்டுப் போய் புளோவரின் விசிறியில் அடிபட்டன. டங்... டங்... ஒவ்வொரு சத்தத்துக்கும் முதலாளி நெஞ்சைப் பிடித்தார். "ஏதாவது செய்யப்பா. நீ ஊரெல்லாம் வேல பாத்தவன்தானே" என்றார்.

அப்படிச் சொன்னால் நான் மயங்கிவிடுவேன். இது என் வியாதி.

ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தேன். மேல்தட்டில் பழைய ஸ்டோர் காலத்துச் சாமான்கள் குவிந்து கிடக்கின்றன. அதில் தேயிலை சலிக்கிற கம்பி வலை ஒன்று, துருப்பிடிக்காமல் கிடைத்தது. வட்டமாக வெட்டி, புளோவருக்கு ஒரு முழம் முன்னால், இரண்டு குழாய் சேர்கிற மூட்டைக் கழற்றி உள்ளே வைத்து மூடினேன். ஆணியும் துணியும் வலையில் நிற்கும். தூள் மட்டும் போகும்.

எனக்கு அது அவ்வளவு சரியாகத் தெரிந்தது! தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்த எவனிடமும் கேளுங்கள். கல், கம்பு, தூசி எதுவாக இருந்தாலும் அவனுக்கு ஒரே பதில்தான். சல்லடை போடு.

திங்கட்கிழமை டங் சத்தம் இல்லை. "என்னண்ணே பண்ணீங்க?" என்றான் செல்வராஜ். சிரித்தேன். சொல்லவில்லை. சொன்னால் என்ன குறைந்திருக்கும்? ஒன்றுமில்லை. ஆனால் அதிகம் படிக்காதவனுக்குப் பட்டறையில் கிடைக்கிற மரியாதை அப்படித்தான் வருகிறது — அடுத்தவனுக்குத் தெரியாத ஒன்று கையில் இருக்க வேண்டும். தினமும் எல்லோரும் போன பிறகு மூட்டைக் கழற்றி, வலையில் ஒட்டியதைத் தட்டிவிட்டு மூடினேன். பத்து நாள் இப்படி.

பிறகு கால் அரித்தது. டயகமவுக்கு வந்துவிட்டேன்.

தலவாக்கலையில் பஸ் மாறினேன். அதன் பிறகு ஜன்னலுக்கு வெளியே ஒன்றையும் பார்த்த ஞாபகமில்லை.

பட்டறைக்குள் நுழைந்ததும் தெரிந்தது. கதவு, மேசை, சுவிட்ச், செல்வராஜின் இமை — எல்லாவற்றிலும் மஞ்சள் தூள். அவன் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பையத் தட்டினியா?"

"மூணு தடவ. அதுக்குள்ள ஒரு வாளித் தூள்கூட இல்லண்ணே. தூள் அங்க வந்தாத்தானே?"

நல்ல பதில். எனக்குத்தான் நல்லதாக இல்லை. பை காலி என்றால் அடைப்பு பைக்கு முன்னால் இருக்கிறது.

"தகடு?"

"எல்லாத்தையும் மூடிட்டு ஒண்ண மட்டும் திறந்து பார்த்தேன். ம்ஹூம்."

அப்போது ஒரு நம்பிக்கை வந்தது. "நடுவுல கரண்ட் போச்சா?"

"போகாம? மழையில மரம் விழுந்து ரெண்டு நாள் கரண்ட் இல்ல. கம்பி மாத்தினாங்க."

எனக்குச் சந்தோஷம்! மூன்று கம்பி மின்சாரத்தில் ஓடும் மோட்டார் அது. கம்பி இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். அப்போதும் காற்று வரும். ஆனால் சோம்பேறிக் காற்று. லொறி வேலைக் காலத்தில் ஓர் ஆலையில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதுவாக இருந்தால் குற்றம் மழையுடையது, மரத்துடையது, என்னுடையது இல்லை.

புளோவரைப் போடச் சொன்னேன். உடனே நிறுத்தச் சொன்னேன். விசிறி மெல்ல அடங்கும்போது அது சுற்றும் பக்கத்தைப் பார்த்தேன். உறையில் ஓர் அம்புக்குறி உண்டு. அம்பு எந்தப் பக்கமோ, விசிறியும் அந்தப் பக்கமே சுற்றியது.

"சரியாத்தானே சுத்துது?" என்றான் செல்வராஜ்.

"இன்னொரு தடவ போடு."

"எத்தன தடவ போட்டாலும் அதே பக்கம்தாண்ணே சுத்தும். என்ன, திருப்பிச் சுத்தணும்னு வேண்டுதலா?"

வேண்டுதல்தான். அவனிடம் எப்படிச் சொல்வது?

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு கம்பை எடுத்தேன். குழாயைத் தட்டிக்கொண்டே வந்தேன். இழைக்கிற மெஷின் பக்கம் — டொங், டொங். வெறும் தகரத்தின் சத்தம். கூரையோரம் — டொங். அடுத்த மூட்டு — டொங். புளோவரை நெருங்க நெருங்க என் கை மெதுவானது.

தொப்.

செல்வராஜ் என்னைப் பார்த்தான். நான் மறுபடி தட்டினேன். தொப். நனைந்த மெத்தையைத் தட்டுவது போல.

நானே ஏணியில் ஏறி மூட்டைக் கழற்றினேன். அந்த மூட்டுக்கு எந்த ஸ்பேனர் சாவி என்று நான் யோசிக்கவே இல்லை. கை நேராக அந்தச் சாவியைத்தான் எடுத்தது. செல்வராஜ் அதையும் பார்த்தான்.

வலை இருந்த இடத்தில் வலை தெரியவில்லை. ஒரு தடித்த அடை இருந்தது. மழைக்கால ஈரம் குடித்த சவுக்குப் பலகையின் சீவல், அதன்மேல் தூள், அதன்மேல் சீவல்... மூடுபனி உள்ளே வந்து அதை நனைத்து நனைத்து, புட்டு அவித்த மாதிரி இறுக்கிவிட்டிருந்தது. விரலால் குத்தினேன். விரல் போகவில்லை. காற்று எப்படிப் போயிருக்கும்?

ஸ்டோரில் இரண்டு வருடம் சல்லடை அறையில் நின்றவன் நான். என் வேலை என்ன தெரியுமா? தட்டுவது. சல்லடை அடைபடும், தட்டுவேன். மறுபடி அடைபடும், தட்டுவேன். சல்லடை ஒருநாளும் தனியாக வேலை செய்ததில்லை. அதற்கு ஒரு கை உண்டு. நான் சல்லடையைக் குழாய்க்குள் வைத்துவிட்டு, கையை டயகமவுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

"இது என்னண்ணே, தேயிலைச் சல்லடை மாதிரி இருக்கு? யாரு வச்சது?"

அவன் குரலில் கேள்வி இல்லை. பதில் தெரிந்தவன் கேட்கிற மாதிரி இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். ஏணிமேல் நின்ற அந்த ஒரு நிமிடம், அடையைச் சாக்கில் போட்டு, வலையை மேல்தட்டில் எறிந்துவிட்டு, 'பைதான் அடைச்சிருந்துச்சு' என்று சொல்லலாமா என்று யோசித்தேன். முதலாளி நம்புவார். மெஷின் ஓடும். நான் வந்து சரி செய்தேன் என்று பேரும் வரும்.

ஆனால் பை அடைத்துக்கொள்வது எல்லாப் பட்டறையிலும் நடப்பது. அதற்கே மூச்சு முட்டினால், அது புஷ்பத்தின் நெஞ்சின் குற்றம் ஆகிவிடும். முதலாளி சொன்னதே சரி ஆகிவிடும். புஷ்பத்தின் வேலை அதோடு போய்விடும்.

"நான்தான் வச்சேன்" என்றேன்.

"தெரியும்" என்றான் செல்வராஜ். "அத முதலாளிகிட்ட சொல்லுங்க. ஒரு வாரமா பையத் தட்டாத சோம்பேறின்னு ஏச்சு வாங்கிக்கிட்டிருக்கிறவன் நானு."

முதலாளி முன்வாசலில் கணக்குப்பிள்ளை மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அடையோடு வலையைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். சொன்னேன். முழுதாகச் சொன்னேன்.

வலையைப் பார்த்தார். பிறகு என்னை.

"சல்லடையா? இங்க என்ன தேயிலையா சலிக்கப் போறோம்?"

"தப்புதான் முதலாளி."

"அந்தப் புள்ளைட நெஞ்சு சரியில்லண்டு ஊரெல்லாம் சொல்லிட்டேனேப்பா! அதுட வீட்டாக்களுக்கும் ஆள் அனுப்பிட்டேன், இனி வரத் தேவல்லண்டு."

"அதான் வந்து சொல்றேன். அவங்க நெஞ்சு இல்ல முதலாளி. என் வேலை."

கோப்பையைக் கீழே வைத்தார். "என்ன மனுசன் நீ... போ. போய் அதுகிட்ட சொல்லு. டாக்டர் வேல செய்ய ஏலுமெண்டு துண்டு எழுதித் தந்தா, வரட்டும். இல்லாட்டி நான் பொறுப்பெடுக்க ஏலா. உன்ன என்ன செய்யிறண்டு பொறகு பாக்குறேன்."

டாக்டர் என்ன சொல்வார்? அந்தத் துண்டு வருமா? நோயாளிகளைப் பார்க்கிற நேரம் வரும்வரை ஆஸ்பத்திரி வாசலில் நடந்துகொண்டே இருந்தேன். உட்கார முடியவில்லை. ஆட்டோக்காரர் ஒருவர் மூன்று தடவை எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

புஷ்பம் கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். முகம் இளைத்திருந்தது. மூச்சு விடுகிற சத்தம் கட்டில் ஓரத்திலேயே கேட்டது. சின்ன விசில் மாதிரி.

"வாங்கண்ணே. டயகமவுல இருந்தா வர்றீங்க? எனக்காகவா? இவ்வளவு தூரம் எதுக்கு?"

அந்த மரியாதை என்னைக் கொன்றது. நின்றுகொண்டே சொன்னேன். சல்லடை, ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் சொல்லாமல் போனது, எல்லாம்.

முடித்த பிறகு அவர் கேட்டார்.

"அப்ப... இது என் நெஞ்சு இல்லையா?"

"இல்லம்மா."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"கையால எடுத்தேன். இவ்வளவு தடிப்பு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை. கோபம்.

"நேத்துல இருந்து மாதாகிட்ட கேட்டுக்கிட்டே இருக்கேண்ணே, எனக்கு மட்டும் ஏன் இப்படின்னு. பாவம், மாதாவுக்கு எப்படித் தெரியும், நீங்க பைப்புக்குள்ள சல்லடை வச்சிருக்கீங்கன்னு!"

பக்கத்துக் கட்டில் அம்மாள் சிரித்துவிட்டார். புஷ்பம் சிரிக்கவில்லை.

"அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்திருக்கேன். பெரிய கட்டு. நீங்கதான் வாங்கணும்."

"வாங்குறேன்."

"வேலைக்கு வந்தா, தினமும் என் கண் முன்னால மெஷினக் காட்டணும். இழுக்குதா இல்லையான்னு நான் பார்ப்பேன். நீங்க சொல்றத நம்ப மாட்டேன்."

"சரி."

டாக்டர் துண்டு கொடுத்தார். ஆனால் நல்ல செய்தியாக மட்டும் கொடுக்கவில்லை. வீசிங் இருக்கிறது, அது போகாது, தூசி ஏறினால் மறுபடி வரும், அடுத்த தடவை இதைவிட மோசமாகலாம் என்று சொல்லித்தான் கொடுத்தார். மாஸ்க் கட்டாயம். இழுக்கிற மெஷின் கட்டாயம்.

நான் ஒன்று கவனித்திருக்கிறேன். ஏதாவது பழுதானால் நாம் எங்கெல்லாம் தேடுகிறோம்! மழையில், மின்சாரத்தில், அடுத்தவன் சோம்பலில், ஒரு பெண்ணின் நெஞ்சில்... நம் கை கடைசியாகப் பட்ட இடத்துக்கு மட்டும் கடைசியில்தான் போகிறோம். முதலில் அங்கே போயிருந்தால், அந்தப் பஸ் பயணத்திலேயே செல்வராஜுக்குப் போன் போட்டு 'மூட்டைக் கழற்று' என்று சொல்லியிருக்கலாம். இரண்டு மணி நேரம் முன்னாலேயே முடிந்திருக்கும். சொல்லவில்லையே!

புஷ்பம் இரண்டு வாரமாக வேலைக்கு வருகிறார். காலையில் மெஷினைப் போட்டதும், பத்திரிகையில் ஒரு துண்டைக் கிழித்துக் குழாய் வாயில் நீட்டுவார். பட்டென்று ஒட்டிக்கொண்டால் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு வேலை தொடங்குவார். அவர் கிழிப்பது இந்தப் பக்கத்தைத்தான் என்று செல்வராஜ் சொல்கிறான். என் எழுத்துக்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

போன வியாழக்கிழமை பேப்பர் ஒட்டவில்லை. வழுக்கிக் கீழே விழுந்தது. புஷ்பம் வெளியே போய் வெயிலில் உட்கார்ந்தார். நானும் செல்வராஜும் முழுக் குழாயையும் தட்டிக்கொண்டு வந்து, கூரையோரம் விலகியிருந்த ஒரு மூட்டைக் கண்டுபிடித்து இறுக்கினோம். பேப்பர் ஒட்டியது. அதன் பிறகுதான் அவர் எழுந்து வந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. முடியவில்லை. அவர் தொண்டையைச் செருமினாலே என் கை மெயின் சுவிட்சுக்குப் போகிறது. மெஷின் ஓடும்போது சத்தத்துக்கு நடுவே அவருடைய மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கால் அரிக்கிறது. போகவில்லை.

நேற்று மத்தியானம் அவர் இருமினார். ஒன்று, இரண்டு, மூன்று... நிற்கவில்லை. நான் சுவிட்சை அணைத்து, ஏணியை இழுத்து, மூட்டைக் கழற்றி, குழாய்க்குள் தலையைவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே எல்லோரும் சிரிக்கிற சத்தம்.

அவர் சாப்பிட்டது ஹட்டன் கடையில் வாங்கிய மாங்காய் அச்சாறு. மிளகாய் தொண்டையில் ஏறிவிட்டதாம்.

சிரிக்கட்டும். நான் குழாயை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.